எடைக்காகக் காத்திருக்க வேண்டாம், நீச்சலுக்காகக் காத்திருங்கள்

மதுரையில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் 36 வயது வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உயரம் 158 செ.மீ., எடை 97 கிலோ. இரண்டு பிள்ளைகள். தைராய்டு மாத்திரை எடுக்கிறார். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.0. படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருவர் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் பந்தயம்) முடித்து மெடலோடு எடுத்த போட்டோவைப் பார்த்ததிலிருந்து இவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. எட்டு மாதத்தில் சென்னைப் பக்கம் கடலில் நடக்கும் ஒரு ஸ்பிரிண்ட், அதாவது குறுந்தூர டிரையத்லானில் சேர நினைக்கிறார். சைக்கிள், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்ததை ஓட்டியதோடு சரி. நீச்சல்? "கடப்பாரை நீச்சல்தான் தெரியும், டாக்டர்" என்கிறார். ஜிம் பயிற்சியாளர், "முதல்ல 20 கிலோ குறைங்க, சோத்தை நிறுத்துங்க, அப்புறம் 12 வாரத்துல ரெடி பண்ணிடலாம்" என்றாராம். நீச்சல் குளத்துக்குப் போய்க் கேட்டால் அங்கேயும் "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மாமியார், "ஊர்க் கிணத்துல நான் நீந்தாத நீச்சலா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்கிறார்.

இந்த உடம்பு தாங்குமா, மூட்டு தேய்ந்துவிடுமா, கடைசி ஆளாக வந்தால் அசிங்கமில்லையா, பந்தயத்துக்குக் கேட்கும் மருத்துவச் சான்றிதழை நீங்களே தருவீர்களா என்பவை அவர் கேள்விகள். கையெழுத்துக்குக் கீழே, போகிற போக்கில் ஒரு வரி: "அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அதனால்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆசை."

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். மருத்துவராக இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நான் முதலில் கோடு போடுவது அந்த வரியில்தான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், உங்கள் எடை 57 கிலோவாக இருந்தாலும் இதயத்தைப் பார்க்காமல் பந்தயத்துக்கு அனுப்பமாட்டேன். உங்களுக்குச் சர்க்கரையும் எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிறது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று வைத்திருக்கிறோம்.

அதனால் சான்றிதழ் கேள்விக்குப் பதில் எளிது. கடிதத்தைப் படித்துவிட்டு எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடக்கூடாது, நானும் போடமாட்டேன். நேரில் போய் ரத்த அழுத்தம், ஈசிஜி, கொழுப்பு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு அளவு) பாருங்கள். உங்கள் குடும்ப வரலாற்றுக்கு எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபினை ஏன் சேர்த்தேன் என்றால், தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதி, காரணத்தை எடைமேல் போட்டிருக்கிறீர்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் அதே மூச்சு வாங்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். குறட்டை உண்டா? எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறதா? இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பருமனானவர்களிடம் அதிகம், அதைச் சரிசெய்யாமல் பயிற்சி எடுத்தால் உடம்பு தேறவே தேறாது.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்தால், 97 கிலோவிலேயே தொடங்கலாம். இன்றைக்கே.

20 கிலோ குறைத்துவிட்டுத்தான் வரவேண்டுமா?

வேண்டாம். இத்தனை கிலோவுக்கு மேல் உள்ளவர் கலந்துகொள்ளக் கூடாது என்று டிரையத்லானில் விதியே கிடையாது. குளத்தில் அப்படிச் சொன்னவர் எந்த விதியைப் பார்த்துச் சொன்னாரோ தெரியவில்லை. பருமனாக இருந்தாலும் இதயமும் நுரையீரலும் பழக்கப்பட்ட உடம்பு, ஒல்லியாக இருந்தும் பழக்கப்படாத உடம்பைவிட ஆபத்துக் குறைந்தது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைந்தால் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உடற்பயிற்சியால் மட்டும் குறையும் எடை, நாம் ஆசைப்படுகிற அளவுக்கு இருக்காது. 20 கிலோவை வாசற்படியாக வைத்தால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவீர்கள். என்னிடம் வருபவர்களில் அப்படி நாலைந்து வருஷமாக நிற்பவர்கள் உண்டு.

சோறு விஷயத்தில் உங்கள் ஜிம் பயிற்சியாளரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் நீந்தி, மாலையில் சைக்கிள் மிதித்து, சோற்றையும் நிறுத்தினால் முதல் மாதம் எடை இறங்கும். இரண்டாவது மாதம் மயக்கம் வரும். அப்புறம் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பில் நுண்முறிவுகூட வரலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இருக்கிற நாளில் முன்னாலேயே இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், காய் வையுங்கள். இரவு ஒன்பது மணிப் பரோட்டாவை மட்டும் விட்டுவிடுங்கள். மதுரையில் இருந்துகொண்டு அதைவிடப் பெரிய தியாகம் எதையும் நான் கேட்கமுடியாது.

தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். காபியும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான், அது மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விடுங்கள்.

நீச்சல்தான் தேதியைத் தீர்மானிக்கும்

ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம், அதே வரிசையில். சைக்கிளில் முடியாவிட்டால் இறங்கி நிற்கலாம். ஓட்டத்தில் முடியாவிட்டால் நடக்கலாம், விதியே அதை அனுமதிக்கிறது. தண்ணீரில் அப்படி இறங்கி நிற்க இடம் கிடையாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் மரணமும் இதயம் நின்றுபோனதுமாக 135 சம்பவங்களை ஓர் ஆய்வு திரட்டியது. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. அந்த 135-இல் பெரும்பாலானோர் ஆண்கள், ஆனாலும் நீச்சலை அலட்சியமாக எடுக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் பொது. 12 வாரத் திட்டம் என்பது ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவருக்கு எழுதியது.

நீங்கள் முழுகிப்போவோம் என்று பயப்படுகிறீர்கள். அது தலைகீழ். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, தசையும் எலும்பும் கனம். நான் மேலூர்ப் பக்கம் ஒரு மோட்டார்க் கிணற்றில் நீந்தப் பழகியவள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, அதோடு பாட்டியின் பழைய சேலையைச் சேர்த்து முடிந்து, இன்னொரு முனையைப் பாட்டி மேலே படியில் பிடித்துக்கொள்வார். எலும்பும் தோலுமாக இருந்த நானும் என் அண்ணனும் குடுக்கையை அவிழ்த்தால் கல்லாக இறங்குவோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நல்ல கனத்த உடம்பு, மல்லாக்கப் படுத்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டே மிதப்பார். காதுவரைக்கும் தண்ணீர், வாயில் வெற்றிலை. மிதக்கிற வேலை உங்களுக்குப் பாதி முடிந்துவிட்டது. மூச்சு விடுகிற வேலைதான் பாக்கி.

பெரியவர்கள் நீச்சல் பழகும்போது தடுமாறுவது கையிலோ காலிலோ இல்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், தலை வெளியே வந்ததும் விடுவதும் இழுப்பதும் ஒரே நொடியில் முட்டும். முதல் இரண்டு வாரம் நீந்தவே வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுப் பழகுங்கள். அடுத்தது மல்லாந்து மிதப்பது. பயம் வந்தால் அந்த நிலைக்குத் திரும்பிவரத் தெரிந்தால் போதும். கை வீசுவதெல்லாம் அதற்கு அப்புறம். ஃப்ரீஸ்டைல்தான் அடிக்கவேண்டும் என்றும் இல்லை. எந்த நீச்சலும் செல்லும், நடுவில் நிற்கும் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வும் எடுக்கலாம். பிடித்துக்கொண்டே முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான்.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. தனியார் குளங்களும் ஊரில் உண்டு. பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஓரிடத்தில் "குறைச்சிட்டு வாங்க" என்றால் அடுத்த இடம். உடை விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பருத்திச் சுடிதார் தண்ணீரைக் குடித்து உங்களைக் கீழே இழுக்கும். முழுக்கையும் முழுக்காலும் வைத்த நைலான் நீச்சலுடை உங்கள் அளவிலும் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குக் கண்மாய், வைகை, அணைப் பக்கம் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

தேதிக்கு வருவோம். கோச் கரையில் நிற்க, குளத்தில் 400 மீட்டரை நிற்காமல், மூச்சு முட்டாமல் முடிக்கிற நாளில் பந்தயப் படிவத்தை நிரப்புங்கள். 25 மீட்டர் குளமானால் 16 நீளம். சிலருக்கு அது நாலு மாதத்தில் வரும், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். எட்டு மாதம் போதாமலும் போகலாம். அப்படியானால் கையில் வேறு வழிகள் இருக்கின்றன. சூப்பர் ஸ்பிரிண்ட் என்ற சின்னப் பந்தயத்தில் சுமார் 400 மீட்டர் நீச்சல், 10 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம். டூயத்லானில் நீச்சலே இல்லை. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். சில பந்தயங்களில் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொன்று செய்யும் ரிலேயும் உண்டு. மெடல் வாங்கிய தோழி நீந்த, நீங்கள் சைக்கிள் மிதிக்கலாம். என்னைக் கேட்டால் இந்த வருஷம் ரிலே, அடுத்த வருஷம் முழுப் பந்தயம். அதுவும் முதல் முறை குளத்தில் நீந்தும் பந்தயமாகப் பாருங்கள். வங்கக்கடல் அலையை முதல் அனுபவமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூட்டு, சைக்கிள், ஓட்டம்

ஓடினால் மூட்டு தேயும் என்பது பழைய பயம். அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுவதாகத் தெரியவில்லை. எடை கூடுவதுதான் முழங்காலுக்குச் சுமை. படி இறங்கும்போது மட்டும் வலிப்பது பெரும்பாலும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் வரும் வலி, தொடையும் இடுப்பும் பலமானால் குறையும். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, வாரம் இரண்டு நாள். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவில் வலித்து, மறுநாள் காலை போய்விட்டால் பயப்படாமல் தொடருங்கள். வீங்கினாலோ மூட்டு பூட்டிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

ஓட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பக்கத்துத் தெப்பக்குளமே போதும். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முதல் மாதம் நடை மட்டும். அடுத்து ஒரு நிமிஷம் மெதுவோட்டம், மூன்று நிமிஷம் நடை. பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசமுடிகிற வேகம்தான் சரியான வேகம். நாலு சுற்றை இப்படி முடித்தால் பந்தய தூரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. தை மாதம் தெப்பத் திருவிழா அன்றைக்கு மட்டும் வேறு இடம் பாருங்கள்.

சைக்கிளுக்கு லட்ச ரூபாய் வேண்டாம். ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவான சாதாரண ஹைபிரிட் போதும், ஆனால் கடையில் மூன்று கேளுங்கள்: இந்த ஃப்ரேம் எத்தனை கிலோ தாங்கும், சக்கரத்தில் எத்தனை கம்பி, டயர் எத்தனை அகலம். உங்களோடு தண்ணீரும் பையும் சேர்ந்தால் 100 கிலோ தாண்டும். கம்பி 32-க்குக் குறையாமல், டயர் 32 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று குறைவாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும், வாரம் ஒருமுறை பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரி சீட் வாங்காதீர்கள், தூரம் போகப்போக அதுதான் அதிகம் உறுத்தும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே உள்ளாடை போடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லக் கூச்சப்படுவார், நான் சொல்கிறேன். ரிங் ரோட்டில் லாரிகளோடு போட்டி வேண்டாம். அழகர்கோவில் சாலையில் விடிகிற நேரத்தில், துணையோடு, பின்விளக்கும் ஹெல்மெட்டும் வைத்துப் போங்கள். போய்த் திரும்பினால் 40 கி.மீ. சொச்சம். பாதி வழியில் திரும்பினாலே உங்கள் 20.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் உங்களுடையதாகவே இருக்காது, மரக்கட்டை மாதிரி தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான். வாரம் ஒருமுறை சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிஷம் நடந்து பழகினால் பந்தயத்தன்று பதற்றம் இருக்காது. பந்தயத்தில் ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகே ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கவேண்டும். புதியவர்கள் தவறுவது இதில்தான்.

எல்லோரும் கேட்கக் கூச்சப்படுகிற இரண்டு

தொடை உரசல். நம் ஊர் வியர்வையில் அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். தொடை வரை நீண்ட இறுக்கமான ஷார்ட்ஸ் போட்டு, தொடையிடுக்கு, மார்புக்கடியில், பிராப் பட்டை படும் இடம் எல்லாம் வேசலின் தடவுங்கள். குளத்திலிருந்து வந்ததும் மடிப்புகளைத் துடைத்துக் காயவிடுங்கள். படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவாதீர்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து, பிறகு இரண்டு மடங்காகப் பரவும்.

அடுத்தது, ஓடும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிவது. இரண்டு பிள்ளை பெற்ற உங்களுக்கு இருந்தால் அது வெட்கப்படவேண்டிய விஷயமே இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சித்திரை வெயிலில் அது ஆபத்து. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். அதற்காக லிட்டர் லிட்டராகவும் தண்ணீர் குடிக்கவேண்டாம். தாகத்துக்குக் குடியுங்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஓஆர்எஸ் சேருங்கள்.

கடைசி ஆளாக வந்தால்? வரலாம். ஒவ்வொரு பகுதியையும் எத்தனை நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதை மட்டும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அந்த நேரம் உங்கள் பயிற்சி நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் வேறு பந்தயம் தேடுங்கள். நேரத்துக்குள் கடைசியாக வருகிறவருக்கும் அதே மெடல்தான்.

பயிற்சியிலோ பந்தயத்திலோ நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடினால், கண் இருட்டினால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து உட்காராதீர்கள்.

மாமியார் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை. அவர் கிணற்றில் நீந்தியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் குமிழி விடும் நாட்களில் அவரையும் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். "எப்படி அத்தை மல்லாக்க மிதக்குறது?" என்று அவரிடமே கேளுங்கள். போகும் முன் அவருக்கும் ஒரு நைலான் உடை எடுத்துவிடுங்கள், சேலையோடு உள்ளே விடமாட்டார்கள்.